கார் குடித்த கலர்

வைகாசி 6, செவ்வாய்

எந்த வருஷம் என்று பிலோமி கேட்கிறாள். டைரியின் மேலேயே அச்சடித்திருக்கிறதாம். இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டுமாம். எனக்கு எண்ணில் சொல்ல வராது. ரயில்வே கேட்டை எடுத்துவிட்டு மேம்பாலம் திறந்த வருஷம். எங்கள் தெருவில் போர்த் தண்ணீர் உப்பாகிப்போய், துவைத்த வேட்டி காய்ந்தபின் தானாக நின்ற வருஷம். மாசி மாதத்தில் என் அக்கா போய்ச் சேர்ந்த வருஷம். இவ்வளவு சொன்னால் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

எனக்குப் படிப்பு இல்லை. பெருவிரல்தான். மாடியில் குடியிருக்கும் பிலோமி உரக்கடையில் பில் போடுகிறவள். சாயங்காலம் வந்து உட்கார்ந்து, நான் பேசுவதை ஒழுங்கான எழுத்தாக மாற்றி எழுதி, திருப்பி வாசித்தும் காட்டுகிறாள். இந்த டைரி எனக்காக இல்லை. என் வீட்டுக்காரிக்கு மறதி நோய். தஞ்சாவூர் டாக்டரம்மா, "என்ன சாப்பிடுறாங்க, எதை மறக்குறாங்கன்னு தினமும் எழுதிக் கொண்டாங்க" என்று சொல்லி அனுப்பினார். வருகிற திங்கட்கிழமை போக வேண்டும்.

சாப்பிட்டது: காலையில் இரண்டு இட்லி. மத்தியானம் கேப்பைக்களி, கீரை. மறந்தது: அடுப்பில் வைத்த பால். சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "டிரைவரே, வண்டி எப்பக் கெளம்பும்?" என்றாள். நான் நாற்பது வருஷம் டிரைவராக இருந்தவன்தானே, அதனால் இதை மறதியில் சேர்க்காதே என்றேன். பிலோமி சேர்த்துவிட்டாள்.

வைகாசி 7, புதன்

என் பழைய காரில் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் சூட்டு முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. ஆறவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், உள்ளே டீக்கடை டிகாக்‌ஷன் மாதிரித் தண்ணீர். ஸ்பேர்ஸ் கடைக்காரன் விரலை விட்டுப் பார்த்தான்.

"பெருசு, கூலன்ட் ஊத்தி எத்தனை வருசம் ஆச்சு?"

"ஊத்துனதே இல்ல. அம்பாசடர் காலத்துலேருந்து தண்ணிதான்."

"அது இரும்புக் குதிரை, எதைக் குடுத்தாலும் குடிக்கும். இது உங்க தெரு உப்புத்தண்ணியக் குடிச்சே செத்துரும். எல்லாத்தையும் இறக்கி, அலசி, புதுசு ஊத்துங்க."

ஒர்க்‌ஷாப்பில் அடுத்த வாரம்தான் பார்ப்பார்களாம். திங்கட்கிழமை எனக்கு வண்டி வேண்டும். பஸ்ஸில் அவளைக் கூட்டிப் போக முடியாது. போன தடவை மன்னார்குடியில் பஸ் நின்றபோது இறங்கி, யாரோ ஒரு குடும்பத்தோடு அவர்கள் வீட்டுப் பெண் மாதிரி நடந்து போய்விட்டாள். எஞ்சின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் ஒரு கேனும், கலப்பதற்கு உப்பில்லாத பேட்டரித் தண்ணீரும் வாங்கி வந்தேன். வீட்டிலேயே செய்துவிடுவேன்.

சாப்பிட்டது: தோசை, புளிக்குழம்பு. மறந்தது: ஒன்றும் இல்லை. "அப்படியா பெரியப்பா?" என்று கேட்கிறாள் பிலோமி. இல்லை என்றால் இல்லை.

வைகாசி 8, வியாழன்

அவளுக்குச் சர்க்கரை நோயும் உண்டு. இன்று பார்த்தால் முந்நூறுக்குப் பக்கம். சீலை முந்தியில் வெல்லக்கட்டி முடிந்து வைத்திருந்தாள். பிடுங்கி வாசலில் எறும்புக்குப் போட்டேன். சீனி டப்பாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அதற்கப்புறம் அவள் சோறு தொடவில்லை.

வைகாசி 9, வெள்ளி

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஆரம்பித்தேன். அடியில் அலுமினிய அன்னக்கூடையை வைத்து ரேடியேட்டர் திருகைத் தளர்த்தினேன். துருத் தண்ணீர் கொட்டியது, கூடவே உப்புப் பொருக்கு. பிறகு நல்ல தண்ணீர் நிரப்பி, ஹீட்டரைத் திறந்துவைத்து எஞ்சினை ஓட்டி, ஆறவிட்டு இறக்கினேன். ஹீட்டரைத் திறக்காவிட்டால் அதன் குழாயில் இருக்கும் அழுக்கு அப்படியே தங்கிவிடும். மறுபடி நிரப்பி, மறுபடி இறக்கி, பொழுது சாயும்போதுதான் தண்ணீர் தண்ணீராக வந்தது. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுவிட்டது.

அவள் முழுநாளும் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "வண்டி கொதிச்சிருச்சா டிரைவரே? கலர் ஊத்திறாதீங்க" என்றாள். எனக்குக் கை நின்றுவிட்டது.

இதை டாக்டருக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது மறதி இல்லை, ஞாபகம். நாகப்பட்டினத்தில் பெரும்புயல் அடித்து, ஆட்சியும் மாறியிருந்த வருஷம். அதற்கு அடுத்த தையில் எங்கள் கல்யாணம். நான் முதலாளியின் அம்பாசடரை ஓட்டிக்கொண்டிருந்தேன். "கல்யாணத்துக்கு வண்டிய எடுத்துக்கடா பக்கிரி, ஆனா ஓட்ட வேற ஆள் கிடையாது" என்றார் முதலாளி. அதனால் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையே ஓட்டினான். பொண்ணு ஊரிலிருந்து திரும்பி வரும்போது வழியில் எஞ்சின் கொதித்துவிட்டது. புயலில் கடல் ஏறி, கிணற்றிலெல்லாம் உப்பு. வீடுகளில் குடிக்கவே தண்ணீர் இல்லை. வண்டியில் இருந்தது ஒரு பெட்டி கலர் சோடா மட்டும். சோடாக்கடை மஸ்தான் கல்யாணத்துக்கு இலவசமாகக் கொடுத்த பச்சைக் கலர். எஞ்சினை ஆறவைத்து, கோலியை அமுக்கி அமுக்கி, ஒவ்வொரு பாட்டிலாக ரேடியேட்டரில் ஊற்றினோம். பின் சீட்டில் இருந்த பொண்ணு அதுவரை வாய் திறக்கவில்லை. கடைசி பாட்டிலை எடுத்தபோது, "அது ஒண்ண நான் குடிக்கவா?" என்றாள். என் அம்மா, "வீடு போய்ச் சேர வேணாமா?" என்று அதட்டினாள். அதையும் கார் குடித்தது. ஒரு மாதம் அந்த பானெட்டுக்குள் எறும்பு.

என் அம்மாவின் பெயரும் அவள் பெயரும் ஒன்று. மாமியார் பெயரை மருமகளுக்குச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று, வந்த அன்றே அவளைப் 'புதுப்பொண்ணு' ஆக்கிவிட்டார்கள். அம்மா போனபிறகும் மாறவில்லை. பால்காரனுக்கும் புதுப்பொண்ணு, ரேஷன் கடையிலும் புதுப்பொண்ணு. எனக்கும் அதுதான்.

வைகாசி 10, சனி

கூலன்டும் பேட்டரித் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தேன். வெயிலில் பார்த்தால் அப்படி ஒரு பச்சை. மெதுவாக ஊற்றினேன். மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை ஓட்டினால் உள்ளே சிக்கிய காற்று குமிழி குமிழியாக வெளியே வரும். வரவர நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "எனக்கு ஒரு கலர்?"

"இது வண்டிக்கு."

"அன்னைக்கும் இதைத்தான் சொன்னீங்க."

"விஷம்டி இது. போ உள்ள."

போகவில்லை. கேனிலேயே கையை வைத்துவிட்டாள். சத்தம் போட்டேன். அழுதாள். குமிழி நிற்பதற்குள் எஞ்சினை நிறுத்தி மூடியைப் போட்டுவிட்டு அவளை உள்ளே கூட்டிப் போனேன். மீதிக் காற்றை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கலந்ததில் மிஞ்சியதை ஒரு கூல்ட்ரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி, சமையற்கட்டு ஜன்னல் திண்டில் வைத்தேன். காலையில் பரணில் ஏற்றிவிடலாம். இந்த இடுப்போடு இப்போது ஏணி ஏற முடியாது.

சாப்பிட்டது: கொஞ்சம் ரசஞ்சோறு.

வைகாசி 11, ஞாயிறு

இன்று எழுத முடியவில்லை.

வைகாசி 12, திங்கள்

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சொல்கிறேன். பிலோமி கடைக்கு லீவு போட்டுவிட்டு எழுதுகிறாள்.

நேற்றுக் காலை நான் பால் வாங்கி வந்தபோது புதுப்பொண்ணு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சிரித்தாள். பேச்சு குழறியது. அந்தக் காலத்தில் குடித்துவிட்டு வரும்போது நான் எப்படி நடப்பேனோ அப்படி. சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்துப் பெட்டியைத் திறந்து சீனியைக் கரைத்துக் கொடுத்தேன். வாந்தி எடுத்தாள். துடைக்கத் துணி தேடும்போதுதான் பார்த்தேன், மேடையில் ஒரு டம்ளர். அடியில் ஒரு சொட்டு பச்சை. சுற்றிலும் எறும்பு. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். தித்திப்பு.

பிலோமி சர்ச் பூசைக்குப் போகப் புடவை கட்டி இறங்கி வந்துகொண்டிருந்தாள். உள்ளூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, "உடனே தஞ்சாவூர் போங்க" என்றார்கள். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது. நான் காத்திருக்கவில்லை. அவளைப் பின் சீட்டில் பிலோமி மடியில் படுக்கவைத்து, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

மன்னார்குடி தாண்டியதும் முள் ஏறியது. சனிக்கிழமை வெளியே விடாத காற்று உள்ளே இருக்கிறதே. ஹீட்டரை முழுசாகத் திறந்தேன்.

"பெரியப்பா, அக்கினி வெயிலு! எதுக்கு ஹீட்டரு?"

"எஞ்சின் சூட்ட நாம வாங்கிக்கிட்டாத்தான் அது ஓடும். கண்ணாடிய இறக்கிக்கம்மா."

முகத்தில் அடுப்பு எரிகிற மாதிரி அடித்தது. அப்படியும் வடுவூர் ஏரிக்கரையில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. நிறுத்தினேன். ஆறும் வரை காத்திருக்க நேரம் இல்லை. நாற்பது வருஷமாகக் கிளீனர்களிடம் 'சூட்டில் மூடியைத் தொடாதே' என்று கத்தினவன், துண்டை ஏரியில் நனைத்து மூடிமேல் போட்டு, கால்வாசி மட்டும் திருகினேன். ஆவி கைமுட்டி வரை அடித்தது. பிலோமி பாட்டிலை நீட்டினாள். "இதுல மிச்சம் இருக்கே, ஊத்துங்க."

"அத டாக்டர் பாக்கணும். ஏரித்தண்ணி கொண்டா."

எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். மடக் மடக்கென்று காற்று வெளியே வந்தது. பின் சீட்டிலிருந்து அவள் கண்ணைத் திறக்காமல், "கலர ஊத்துங்க டிரைவரே, நான் கேக்க மாட்டேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்று கேட்டார். பாட்டிலின் இடுப்புச் சுருக்கத்துக்கு ஒரு விரல் மேலே இருந்தது, இப்போது மூன்று விரல் கீழே என்றேன். என் ஞாபகத்தில் தப்பு இருக்காது. "ரத்தத்த மெஷின்ல சுத்தம் பண்ணணும், அதுக்கு ஏற்பாடு பண்றேன். இதுக்குன்னு உள்ள மருந்து வெளியூர்லேருந்து வரணும். அதுவரைக்கும் விஷத்த மறிச்சு வைக்க ஒண்ணு இருக்கு. நல்ல பிராந்தி வாங்கிட்டு வாங்கய்யா. அளந்து மூக்குக்குழாய் வழியாக் குடுக்கணும்."

வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன்.

கடல் ஊருக்குள் வந்த வருஷம் குடியை விட்டவன் நான். அய்யனார் கோயிலில், அவள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன். இனிமேல் பிராந்தி பாட்டிலைக் கையால் தொட்டால் இந்தத் தலை விழட்டும் என்று, வார்த்தையை அவளே எடுத்துக் கொடுத்தாள். பிலோமியை அனுப்பலாம் என்றால், அந்த வரிசையில் ஒரு பெண்பிள்ளையை எப்படி நிறுத்துவது?

கடை பன்னிரண்டுக்குத்தான் திறக்கும். வெயிலில் கூட்டம். முன்னால் போய் நின்றேன்.

"பெருசு, பின்னாடி வா. எங்களுக்கும்தான் கை நடுங்குது."

"என் வீட்டுக்காரிக்குப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். "குடுத்து வச்ச மகராசன்! எங்க வீட்டுல வாசம் புடிச்சாலே தொடப்பக்கட்ட!" நான் ஆஸ்பத்திரி, விஷம் என்று இரண்டு வார்த்தைதான் சொன்னேன். சிரிப்பு நின்றது. "டேய், வழி விடுங்கடா" என்றது ஒரு குரல். கதவு திறந்ததும் முதல் பாட்டில் என்னுடையது. வாங்கக் கை நீட்டாமல் துண்டை விரித்துப் பிடித்தேன். கடைக்காரன் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அதில் வைத்தான். துண்டோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஓடினேன். கை படவில்லை. துணிதான் பட்டது. இதைச் சாமி கணக்கில் எடுக்குமா என்று பிலோமியைக் கேட்டேன். அவள் சாமி வேறு, இருந்தாலும் எடுக்காது என்கிறாள்.

வைகாசி 13, செவ்வாய்

மெஷினில் ஒரு முறை ரத்தம் சுத்தம் பண்ணினார்கள். வெளியூர் மருந்தும் வந்துவிட்டது. கண் திறக்கவில்லை. நர்ஸ் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். ஆஸ்பத்திரிச் சீட்டில் பெயர் கொடுத்தது பிலோமி. "பேர் சொன்னா அவளுக்குத் தெரியாதும்மா, அது எங்கம்மா பேரு" என்றேன். "அப்ப நீங்க எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படிக் கூப்பிடுங்க." குனிந்து, புதுப்பொண்ணு என்றேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பொத்திச் சிரித்தாள். புதுப்பொண்ணுக்கு இமை மட்டும் அசைந்தது.

விஷக் கேஸ் என்பதால் போலீஸ் ஏட்டய்யா வந்தார். "பாட்டில் எங்க இருந்துச்சு?"

"பரண்மேல வச்சிருந்தேங்க. யாரு இறக்குனாங்கன்னு தெரியல."

"வீட்ல வேற யாரு இருக்கா?"

"நாங்க ரெண்டு பேருதான். புள்ளை குட்டி இல்ல."

"ஏணி போட்டு அந்தம்மா ஏறுவாங்களா?"

"ஏறுவா. முன்னெல்லாம் ஏறுவா."

எழுதிக்கொண்டு, பெருவிரல் வாங்கினார். எழுதுகிற பிலோமி இப்போது பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எழுதம்மா.

வைகாசி 14, புதன்

சிறுநீர் இறங்கவில்லை.

வைகாசி 15, வியாழன்

இறங்கவில்லை. கால் வீங்கியிருக்கிறது. மறுபடி மெஷின். வாசலில் உட்கார்ந்திருந்தேன். மெஷின் போட அழைத்துப்போன பையன், "உள்ள கழிவெல்லாம் வெளியேத்திட்டு, நல்ல ரத்தமா உள்ள அனுப்பும் தாத்தா" என்று எனக்கு விளக்கினான். தெரியும் என்றேன்.

பரணில்தான் வைத்தேன். அதை ஒரு தடவை தனியாக எழுது.

எழுதினேன் என்கிறாள். அவள் குரல் சரியில்லை.

வைகாசி 17, சனி

பையில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. டீ நிறத்தில். டாக்டர் சிரித்தார். நான் கழிப்பறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

வைகாசி 18, ஞாயிறு

தெளிந்து வருகிறது.

வைகாசி 20, செவ்வாய்

கண் திறந்துவிட்டாள். அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். இன்னும் ஒன்றிரண்டு தடவை மெஷின் வேண்டியிருக்கும், சிறுநீரகம் பழையபடி முழுசாக வருமா என்று இப்போது சொல்ல முடியாது, ஆனால் பிழைத்துவிட்டார் என்றார் டாக்டர். திங்கட்கிழமை பார்க்க வேண்டியிருந்த மறதி டாக்டரம்மாவும் வார்டுக்கே வந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். "புதுப்பொண்ணு."

"இவர் யாரு?"

"டிரைவரு."

"உங்களுக்கு என்ன வேணும் இவரு?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். கையில் வெந்த இடத்துக் கட்டைத் தொட்டாள். "வண்டி கொதிச்சா இவருக்குக் கோவம் வரும். ஆனா கொண்டுபோய்ச் சேத்துருவாரு."

டாக்டரம்மா டைரியைக் கேட்டார். நாளைக்குத் தருகிறேன், இன்னும் முடியவில்லை என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

இப்போது வராந்தாவில் பிலோமியிடம், "சனிக்கிழமை எழுதுனத வாசி" என்றேன். போன சனிக்கிழமையா என்றாள். அதற்கு முந்தினது என்றேன். வாசித்தாள். 'மிஞ்சியதை ஒரு கூல்ட்ரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி, சமையற்கட்டு ஜன்னல் திண்டில் வைத்தேன்.' நிறுத்தினாள். இன்னொரு தரம் என்றேன். வாசித்தாள்.

"கிழிச்சிரவா பெரியப்பா?"

"வேணாம். ஏட்டய்யா வந்தா அவருக்கும் இதையே வாசிச்சுக் காட்டு. டாக்டரம்மாவுக்கும் குடு."

அவள் பேனாவை மூடப் போனாள். இரு, இன்னும் ஒன்று இருக்கிறது என்றேன்.

அந்தக் கல்யாணக் காரில் வந்தவர்களைச் சொல்கிறேன், எழுதிக்கொள். முன் சீட்டில் என் அம்மா. மகாமகத்தில் கூட்டம் நெரிந்த வருஷம் போனாள். அம்மாவுக்குப் பக்கத்தில் சோடாக்கடை மஸ்தான், மடியில் கலர்ப் பெட்டியோடு. ஊரெல்லாம் கதவடைத்துக் கிடந்த வருஷம் போனான், நான் பார்க்கக்கூட விடவில்லை. பின் சீட்டில் என் மாமனார். பொண்ணைக் கொண்டுவந்து விட்ட இரண்டாம் வருஷமே போய்விட்டார். என் அண்ணன், கடல் வந்த வருஷம். என் அக்கா, இந்த மாசியில். என்னைக் கணக்கில் சேர்க்காதே, நான் வண்டி ஓட்டினவன்.

பின் சீட்டில் ஜன்னலோரம் இன்னும் ஒருத்தி இருந்தாள். கடைசி பாட்டிலைக் கேட்டும் கிடைக்காதவள். அவள் இருக்கிறாள். இதோ இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், இடதுகைக் கடைசிக் கட்டிலில். புதுப்பொண்ணு என்று எழுதாதே பிலோமி, பெயரை எழுது. நான் சொல்கிறேன்.

தையல்நாயகி.